பச்சை ஏறிய ஸ்பேஸ் பார்

இழுப்பறையைப் பூட்டியதும் சாவியை உடனே பைக்குள் போட்டுக்கொள்ள மாட்டார். உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, மற்ற கையால் கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். அசையாது. வாசல்வரை போவார். அங்கே நின்று, எதையோ மறந்துவிட்டவர்போலச் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டே திரும்பி வந்து இன்னொரு இழுப்பு. இந்த இரண்டாவது இழுப்பு மெதுவாக இருக்கும், தூங்குகிற குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதைப்போல. அதற்கப்புறம்தான் முகம் தெளியும். உள்ளே இருப்பது ஒரு சீப்பும் மூடி இல்லாத பேனாக்களும்தான் என்பது அலுவலகம் முழுக்கத் தெரியும்.

அதனால் அவருக்குப் பூட்டு என்று பெயர். நேரில் பூட்டு சார். கோபித்துக்கொண்டதில்லை. பெயர் வைத்தது யார் என்பதில் மட்டும் அவருக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம்.

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கித் தருகிற அலுவலகம் அது. விசாரணை, கூட்டம், பேட்டி, எது வந்தாலும் தட்டச்சு செய்வார்கள். காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். ஒரு சொல் பிடிபடவே இல்லையென்றால் அந்த இடத்தில் ‘தெளிவில்லை’ என்று அடித்துவிட்டு மேலே போகலாம். ஆனால் அது நிறைய வந்தால் மேலாளர் கூப்பிட்டு விசாரிப்பார்.

பூட்டு சாருக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. பக்கத்து இருக்கையில் காது மேடம் இருந்தார். இருமலுக்கும் நாற்காலிச் சத்தத்துக்கும் அடியில் புதைந்து கிடக்கிற சொல்லையும் தோண்டி எடுத்துவிடுவார். பூட்டு தன் ஹெட்போனைக் கழற்றி நீட்டுவார். காது மேடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

“‘வாடகை’ன்னு சொல்றார் சார்.”

“எனக்கு ‘வேடிக்கை’ன்னு கேட்டுச்சு.”

“வாடகை குடுக்கறவருக்கு அது வேடிக்கையா இருக்குமா?”

பூட்டு சிரிக்க மாட்டார். ஆனால் சாயங்காலம் வீட்டில் அக்காவிடம் சொல்லும்போது சிரிப்பார்.

அவர் அக்கா வீட்டில்தான் இருந்தார். நாற்பதைத் தாண்டிய தம்பிக்குப் பெண் பார்த்துப் பார்த்து அக்காவுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. வந்த இடத்தையெல்லாம் தம்பி ஏதாவது சொல்லிக் கழித்துவிடுவார். ஒரு வீட்டில் கதவுகள் அதிகம், இன்னொரு வீட்டில் யாருமே அதிகம் பேசவில்லை. “உன்னைக் கட்டிக்கிறவ சாவிக்கொத்தா பொறந்திருக்கணும்டா” என்பார் மாமா.

காது மேடம் பேச்சு அடிக்கடி அடிபடுவதை அக்கா கவனித்துவிட்டார்.

“நான் வேணா அவங்க வீட்டுல போய்ப் பேசட்டுமா?”

“சும்மா இருக்கா.”

“வேணாம்னு சொல்லலையே நீ!”

“கீபோர்டு முடியட்டும்.”

“அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்? மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடறியே!”

சம்பந்தம் அவருக்குத்தான் தெரியும். அலுவலகம் தருகிற கீபோர்டில் ஊர்ப்பட்ட விரல்கள் பட்டிருக்கும். தனக்கென்று ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். அலுமினியத்தில் ஒரு கூடு வரவழைத்தார். விசைகளுக்கு அடியில் இருக்கிற ஒவ்வொரு சுவிட்சையும் கழற்றி, மெல்லிய தூரிகையால் உள்ளே மசகு தடவி, திரும்ப மூடினார். அழுத்தினால் கொடகொடவென்று சத்தம் வரக்கூடாது, மரப்பெட்டியை விரலால் தட்டினாற்போல வரவேண்டும். ஆனால் அவருடைய உயிர் சத்தத்தில் இல்லை, நிறத்தில் இருந்தது. மழை நின்ற தெரு என்று மனசுக்குள் ஒரு படம் வைத்திருந்தார். எழுத்துகளுக்கெல்லாம் நனைந்த மண்ணின் பழுப்பு. ஓரத்து விசைகளுக்குத் தார்ச்சாலையின் சாம்பல். எண்டர் விசை மட்டும் தூரத்தில் எரிகிற ஒற்றை விளக்கு மஞ்சள். தன்னைப் பற்றி யாரிடமும் எதையும் சொல்லாத மனிதர் அப்படி ஒன்றைச் செய்து எல்லார் கண்ணிலும் படும்படி மேசைமேல் வைக்கப் போகிறார். அதை வைத்துவிட்டால் மற்றதையும் சொல்லிவிடலாம் என்று ஒரு கணக்கு.

ஸ்பேஸ் பார்தான், சொல்லுக்குச் சொல் இடம்விட அடிக்கிற அந்த நீள விசைதான், தொல்லை கொடுத்தது. அவர் எடுத்த கூடு சின்னது. பழுப்பு விசைகளோடு வந்த ஸ்பேஸ் பார் அதில் உட்காரவில்லை, நீளம் அதிகம். அதே பழுப்பில் குட்டையாக ஒன்று வேண்டும். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் கூடிப் பேசுகிற இணையப் பக்கங்களில் கேட்டுக் கேட்டு, வேறு யாரோ வேறு எங்கோ வார்த்த ஒன்றை வாங்கினார். வந்த அன்று மேசை விளக்கின் கீழே எழுத்து விசையையும் அதையும் ஒட்டி வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகள்! அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“ரெண்டும் ஒண்ணுதானே, இதுல என்ன இருக்கு?” என்றார் அக்கா.

அதைவிடப் பெரிய பாராட்டு அவருக்குக் கிடைத்திருக்க முடியாது.

அலுவலகத்தில் கூட்டம் கூடிப் பார்த்தது. “சார், இதுக்கும் பூட்டு உண்டா?” என்றது ஒரு குரல். காது மேடம் எல்லாரும் கலைந்தபிறகு வந்தார். விரலால் தொடாமல், மேலே கையை மட்டும் கொண்டுபோனார்.

“மழை விட்ட மாதிரி இருக்கு சார்.”

பூட்டு நிமிர்ந்து பார்த்தார். யாருக்கும் சொல்லாததை இவர் எங்கிருந்து கேட்டார்?

“இந்த நீளப் பட்டனை மட்டும் எனக்குக் குடுத்துடுங்களேன். வீட்டுல வெச்சுப் பாத்துக்கிட்டே இருப்பேன்” என்று காது மேடம் சிரித்தார்.

பூட்டும் சிரித்து வைத்தார். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது.

தினமும் கீபோர்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். வாரக் கடைசியோடு சேர்ந்து ஒரு விடுமுறை வந்தபோது மட்டும், கிளம்புகிற அவசரத்தில் மேசைமேலேயே விட்டுவிட்டார். விடுமுறை முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால், அந்த வரிசை முழுக்க ஏதோ மின்வேலை நடந்து, மேசைகள்மேல் சுண்ணாம்புத் தூசி. அவருடைய மேசை மட்டும் பளிச்சென்று துடைத்திருந்தது. கீபோர்டு அவர் வைத்த இடத்திலிருந்து சற்று விலகி இருந்தது.

பிறகு கண்ணை ஸ்பேஸ் பார்மேல் ஓட்டினார்.

அது அவருடைய ஸ்பேஸ் பார் இல்லை. எழுத்து விசைகள் பழுப்பாகவே இருந்தன. ஸ்பேஸ் பாரில் மட்டும் ஒரு பச்சை, தண்ணீர்த்தொட்டிப் பாசியைப்போல. யாரோ அசலை எடுத்துக்கொண்டு போலியை மாட்டியிருக்கிறார்கள்.

“என் மேசையை யாரு தொட்டாங்க?” என்று பொதுவாகக் கேட்டார்.

“நான்தான் சார் துடைச்சேன். ஒரே தூசி” என்றார் காது மேடம். முகத்தில் எதையோ எதிர்பார்க்கிற ஒரு களை. “வேற ஒண்ணும் கவனிக்கலையா நீங்க?”

கேட்கிறதைப் பார்! எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக! பூட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் ஹெட்போனை நீட்டவில்லை.

சாயங்காலம் வீட்டில் மேசை விளக்கைப் போட்டு, கீபோர்டை வெளியே எடுத்தார். ஸ்பேஸ் பார் பழுப்பாக இருந்தது. அசல் பழுப்பு. பாசியின் சுவடே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் கண்ணைக் கசக்கிவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். பூட்டுக்கு வேறு மாதிரி ஓடியது. கேள்வி கேட்டதும் பயந்துபோய், நான் கை கழுவப் போன நேரத்தில் அசலைத் திரும்ப மாட்டியிருக்கிறார்! மறுநாள் அலுவலகத்தில் மறுபடியும் பச்சை. மறுபடியும் வீட்டில் பழுப்பு. ஆக, ஆசை விடவில்லை. பகலில் வைத்துப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிறார்.

“எதுக்குடா அப்படிப் பண்ணணும் அவங்க?” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!”

“அதையேதான் நானும் கேக்கறேன். எதுக்குப் பண்றாங்க?”

ஒரு முடிவு கட்டினார். வீட்டில் பழுப்பாக இருக்கும்போதே ஸ்பேஸ் பாரைக் கழற்றி, அடியில் ஊசியால் ஒரு சிலுவைக் கோடு கீறினார். காலையில் பையை வேண்டுமென்றே நாற்காலிமேல் விட்டுவிட்டுத் தண்ணீர்க் கேன் பக்கமாக நின்று நோட்டம் பார்த்தார். கெட்ட நேரம், மேலாளர் உள்ளே கூப்பிட்டார். ஓடிப் போய் ஓடி வந்து கீபோர்டை எடுத்தால், பச்சை. கழற்றிப் புரட்டினார். சிலுவைக் கோடு இருந்தது.

இங்கேயாவது நின்றிருக்கலாம். பூட்டு அந்தக் கோட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தான் கீறினால் இவ்வளவு நேராக வராதே என்று தோன்றியது. கோட்டையும் பார்த்துப் போலியிலும் கீறியிருக்கிறார்!

நேரே மேலாளர் அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினார்.

“ஒரு பட்டனுக்கா சார்?” என்றார் மேலாளர்.

“பட்டன் இல்லை சார், நம்பிக்கை. பக்கத்து சீட்டு மேடத்தை இழுப்பறையைத் திறந்து காட்டச் சொல்லுங்க. நான் வேற எதுவும் கேக்கலை.”

வெளியே வந்தபோது காது மேடம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். சாத்தின கதவு அவருக்கு ஒரு கதவா? இழுப்பறையை முழுசாக உருவி எடுத்துவந்து, பூட்டு சாரின் மேசைமேல், அந்தக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். கண்ணாடி துடைக்கிற துணி. ஹெட்போனுக்கு மாட்டுகிற பஞ்சு. தலைவலித் தைலம். ஒரு கரண்டி. ஊக்குகள் கோத்த ஊக்கு. வரிசை முழுக்க மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டிருந்தது.

“பாருங்க சார். நல்லா பாருங்க.”

அப்போது பூட்டு தலையைத் திருப்பிக்கொண்டிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். அவர் குனிந்து பார்த்தார். பஞ்சுக்கு அடியில்கூடப் பார்த்தார்.

“கைப்பையையும் கொட்டட்டுமா?”

“வேண்டாம்” என்றார் பூட்டு. அதையும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

அந்த வாரமே காது மேடம் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு மேல் மாடிக்குப் போய்விட்டார். பக்கத்து நாற்காலியை யாரோ வேறு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பூட்டு சாரின் பக்கங்களில் ‘தெளிவில்லை’ பெருகியது. ஒரு விசாரணையில் ஒரு பெண் முணுமுணுத்த கடைசி வாக்கியம் முழுக்கத் தெளிவில்லை. தன்னையறியாமல் ஹெட்போனைக் கழற்றிப் பக்கத்தில் நீட்டினார். நீட்டின கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. ஸ்பேஸ் பார் பச்சையாகவே இருந்தது. அதற்கு மட்டும் அவரால் காரணம் சொல்ல முடியவில்லை. மேல் மாடியிலிருந்து யார் வந்து மாற்றுகிறார்கள் என்று ஒரு நாள் யோசித்துப் பார்த்து, அந்த யோசனையை நினைத்து அவருக்கே கூசியது.

பிறகொரு நாள் அவர் தலைக்குமேல் இருந்த விளக்கு கெட்டுப்போனது. எலக்ட்ரீஷியன் வந்து, புதுசு வருகிறவரை இருக்கட்டும் என்று பழைய மஞ்சள் விளக்கு ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். பூட்டு குனிந்து பார்த்தார். ஸ்பேஸ் பார் பழுப்பு!

அருகில் யாரும் வரவில்லை. அவர் இமைகூடக் கொட்டவில்லை. ஸ்பேஸ் பாரையும் ஒரு எழுத்து விசையையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். காலியாகக் கிடந்த பக்கத்து மேசைக்கு மேலே வழக்கமான வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கே கையை நீட்டினார். பச்சை. தன் மேசைக்கு மேலே நீட்டினார். பழுப்பு. அங்கே, இங்கே, அங்கே.

“பூட்டு சார் யாருக்கு சுத்திப் போடறார்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

வார்த்தவர்கள் வேறு வேறு, கலந்த சாயமும் வேறு வேறு. வீட்டு மேசை விளக்கின் மஞ்சளும் இங்கே முன்பு இருந்த மஞ்சளும் இரண்டையும் ஒன்றாகக் காட்டியிருக்கின்றன, விடுமுறையில் மாட்டிய இந்த வெள்ளை வெளிச்சம் பிரித்துக் காட்டியிருக்கிறது. யாரும் எதையும் எடுக்கவில்லை. யாரும் எதையும் மாட்டவில்லை.

படியேறி மேல் மாடிக்குப் போனார். காது மேடம் ஹெட்போனைக் கழற்றினார்.

“உங்க பட்டன் கெடைச்சுதா சார்?”

“தொலையவே இல்ல மேடம். அந்தப் புது லைட்டு... வெள்ளை லைட்டுல அது வேற நிறமா தெரிஞ்சிருக்கு. நான்தான் கண்ணிருந்தும் குருடனா... மன்னிச்சுடுங்க.”

காது மேடம் “லைட்டா?” என்று மெதுவாகத் தனக்குள் கேட்டுக்கொண்டார். வருத்தமா சிரிப்பா என்று தெரியாத ஒன்று முகத்தில் வந்து போனது.

“சரி சார். நல்லது. தெரிஞ்சுதே” என்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிதியை மிதித்தார்.

பூட்டு இறங்கி வந்துவிட்டார். அக்கா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இவ்வளவுக்கும் அடியில் இருந்த ஒன்று ரொம்பப் பின்னால்தான் தெரியவந்தது. புது விளக்கோடு எலக்ட்ரீஷியன் வந்தபோது, இந்த மஞ்சளே இருக்கட்டும், மாற்ற வேண்டாம் என்று பூட்டு தடுத்தார். எலக்ட்ரீஷியனுக்கு எரிச்சல்.

“என்ன சார் நீங்க! அந்த லீவுல இந்த வரிசைக்கு லைட்டு போடற வேலையே எனக்கு இல்ல. மேல் மாடிக்கு மட்டும்தான். இங்க ஒக்காந்திருந்தாங்களே ஒரு மேடம், அவங்கதான் மேனேஜர்கிட்ட சொல்லிப் போட வெச்சாங்க. பக்கத்து சீட்டு சார் எப்பப் பாத்தாலும் கீபோர்டு மேலயே கவுந்து கெடக்கறார், வெளிச்சம் பத்தல, கண்ணு கெட்டுப்போயிடும்னு. லீவு நாள்லயே கெளம்பி வந்துட்டாங்க. நான் மேல தொளை போட்டு முடிக்கற வரைக்கும், தூசி படக்கூடாதுன்னு அந்தக் கீபோர்டைத் துணியில சுத்தி மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க சார்.”