வெயில் தின்னும் கல்

சௌந்திரக்காவுக்கு வாழ்க்கையில் ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். கடலைப் பார்க்க வேண்டும். நகை நட்டு என்று எதையும் கேட்டவரில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் புருஷனிடம் சொன்னார். "அதுக்கென்ன, அறுப்பு முடியட்டும், போலாம்" என்றார் அர்த்தநாரியண்ணன். அறுப்பு எத்தனையோ முடிந்தது. அப்புறம் தோட்டத்தில் கோழிப் பண்ணை வந்தது. அதோடு அந்தப் பேச்சும் நின்றுபோனது.

எங்கள் பக்கத்தில், நாமக்கல்லைச் சுற்றி, கோழிக்காரர் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெளியூர் போவது நடக்காத காரியம். கல்யாணத்துக்கு ஒருவர் போவார், காதுகுத்துக்கு இன்னொருவர் போவார். தீவனம் கலக்க வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், முட்டை பொறுக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் கோழி முகத்தைத் திருப்பிக்கொள்ளும், முட்டை குறைந்துவிடும். நான் பக்கத்துத் தோட்டத்துக்காரன், நானும் கோழி வளர்க்கிறவன்தான். "ரெண்டு நாளைக்கு நான் பாத்துக்கறனுங்க, அக்காளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க" என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

"உன்ற பண்ணைய மிதிச்ச காலோட எம்பட கொட்டாய்க்குள்ள வந்தீன்னா வெள்ளக் கழிச்சல் வந்துரும் சாமி" என்பார் அண்ணன்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சீக்கு காலோடுதான் போகும். ஆனாலும் அதை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சரி, அக்கா மட்டுமாவது போய் வரட்டும் என்றால், "பொம்பள தனியா கடலுக்குப் போயி என்ன பண்றா?" என்பார். மனிதர் கெட்டவரில்லை. பெண்டாட்டியிடம் ஒரு நாள் குரலை உயர்த்தியதில்லை. தன்னை விட்டால் அந்தப் பண்ணை நின்றுவிடும் என்று நம்பினார், அவ்வளவுதான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மாதம் செபஸ்தியானின் லாரி வந்து நின்றது. செபஸ்தியான் சேலத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை கோயில் தவறாதவர். ஆத்தூரில் ஜவ்வரிசி ஏற்றித் தூத்துக்குடியில் இறக்குவார். திரும்பும்போது கோழித் தீவனத்துக்கு வேண்டிய கருவாடும் கிளிஞ்சலும் ஏற்றி வந்து எங்களுக்கெல்லாம் போடுவார். அவர் சம்சாரம் அன்னாளுக்கு அந்தக் கடற்கரைதான் பிறந்த ஊர். அன்றைக்கு மூட்டைகளுக்கு நடுவே மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று இருந்தது.

"அக்கா, உங்களுக்குத்தான். என் மச்சான் படகுல எடுத்தது. சுண்ணாம்புக் காளவாய்க்குப் போக வேண்டிய பவளப்பாறைக் கல்லு. உயிரோட இருக்குதுன்னு எனக்காகக் கடல் தண்ணியில போட்டுக் குடுத்தாரு" என்றார் செபஸ்தியான்.

உள்ளே இரண்டு கை அளவுக்கு ஒரு கல். பழுப்பு நிறம். பார்த்தால் உழவுக்கட்டி மாதிரி இருந்தது. அர்த்தநாரியண்ணன் சேலத்துக்கு ஆள் அனுப்பிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி வரச் செய்தார். காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டாரும் வந்தது. பீப்பாய்த் தண்ணீரையும் கல்லையும் அதற்குள் விட்டு, கூடத்தில் மேசைமேல் வைத்தார்கள். மறுநாள் மத்தியானம் அந்தக் கட்டி மேலெல்லாம் பூத்துவிட்டது. கம்மல் அளவுக்குச் சின்னச் சின்னப் பூக்கள், ஒவ்வொன்றுக்கும் காம்பு, ஓரத்தில் விரல் விரலாக இதழ். தண்ணீர் அசையும் பக்கமெல்லாம் அவையும் அசைந்தன. சௌந்திரக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, இது பூவா, பூச்சிங்களா?"

"எதுவோ ஒண்ணு. கடலே ஊட்டுக்கு வந்துருச்சு பாரு. இனி அங்க போயி என்னத்தப் பாக்கப் போற?" என்றார் அண்ணன். அவருக்கு வாயெல்லாம் பல்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கல் நன்றாக இருக்கும்வரை அக்காவுக்குக் கடல் கிடையாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோழிக்காரன் கையில் எதைக் கொடுத்தாலும் அவன் அதைக் கோழியாகத்தான் பார்ப்பான். ஐப்பசிக்கு மேல் பகல் குறையும், முட்டையும் குறையும். அதனால் விடியும் முன்னும் இருட்டிய பின்னும் கொட்டாயில் விளக்குப் போட்டு, பகலை நீட்டிக் காட்டுவோம். வெளிச்சம் கூடினால் தீவனமும் கூட்ட வேண்டும், அப்போதுதான் கோழி தாங்கும். அர்த்தநாரியண்ணன் தொட்டிக்கு மேலே இரண்டு டியூப்லைட் மாட்டினார். கொட்டாய் விளக்கு எரியும்போது அதுவும் எரியும், அணையும்போது அதுவும் அணையும். கூடவே தினம் இரண்டு வேளை ஒரு கைப்பிடித் தீவனம். கருவாட்டுத் தூள், கடலைப் புண்ணாக்கு, தவிடு எல்லாம் கலந்தது.

"கடல்ல அதுக்கு ஆரு இப்படிச் சோறு போட்டாங்க? கொழுகொழுன்னு ஆயிரும் பாரு" என்றார்.

ஒரு வாரத்துக்குள் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி ஆனது. அப்புறம் பச்சை படர்ந்தது. கண்ணாடியில், கல்லில், குமிழி வரும் குழாயில் எல்லாம் வழவழவென்று பாசி. வீட்டுக்குள் நுழைந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கியது. பூவெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு கல் பழையபடி கட்டியாகிவிட்டது. தீவனம் போதவில்லை என்று அண்ணன் இன்னொரு கைப்பிடி கொண்டுவந்தபோது சௌந்திரக்கா குறுக்கே நின்றுவிட்டார்.

"போதுமுங்க. போட்டதே அங்கதான் கெடக்குது. தின்னது அந்தப் பாசிதான்."

அவர் அப்படிக் குறுக்கே நின்று நான் பார்த்ததில்லை. அண்ணனும் பார்த்ததில்லை போலிருக்கிறது. தீவனத்தைக் கொண்டுபோய்க் கோழிக்கே போட்டார்.

அடுத்த லோடில் செபஸ்தியான் புதுக் கடல்தண்ணீர் இரண்டு பீப்பாய் கொண்டுவந்தார். அக்கா பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு தென்னை மரத்துக்கு ஊற்றினார். தேங்காய் நாரால் கண்ணாடியைத் தேய்த்தார். கல்லில் ஒட்டிய பாசியைப் பழைய பல் பிரஷால், குழந்தைக்குத் தலை துடைக்கிற பதத்தில் துடைத்தார். தீவனம் அடியோடு நின்றது. அண்ணனின் விளக்கை மட்டும் அவர் எடுக்கவில்லை. எல்லாப் பூவும் ஒடுங்கிக் கிடந்தபோது, ஜன்னல் வெயில் படும் பக்கத்தில் மட்டும் இரண்டு மூன்று பூ தலை நீட்டியதை அவர் பார்த்திருந்தார். தொட்டியைக் கிழக்கு ஜன்னலுக்கு நகர்த்தி, காலை வெயிலைக் கொஞ்ச நேரம் காட்டினார். மற்ற நேரம் டியூப்லைட். பொழுது சாய்ந்தால் அதையும் அணைத்துவிடுவார். விளக்கு அதிகம் எரிந்தால் பாசிக்குத்தான் கொண்டாட்டம் என்று கண்டுகொண்டிருந்தார்.

தண்ணீர் வற்றினால் என்ன செய்வது என்றுதான் முதலில் குழம்பினார். கடல்தண்ணீரே ஊற்ற வேண்டும் என்றார் அண்ணன். அக்கா யோசித்துவிட்டு, "ரசம் சுண்டிப் போச்சுன்னா உப்பா போடுவோம்? தண்ணிதானுங்க ஊத்துவோம்" என்று சொல்லி, பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரை, தொட்டியில் பழைய தண்ணீர் நின்ற கோடு வரைக்கும் ஊற்றினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

கார்த்திகை முடிவதற்குள் கல் மறுபடியும் பூத்தது. அடுத்து வந்த லோடில் அன்னாளும் கூட வந்திருந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க ஊர்லயும் தெளிஞ்ச தண்ணியில வெயில் எறங்குற எடத்துலதான் இது இருக்கும். இருட்டுலயும் கலங்கல்லயும் இருக்காது. நீங்க அதுக்கு வெயிலச் சோறாப் போடுறீங்க" என்றார். பாசி மேயட்டும் என்று கையோடு நாலைந்து கடல் நத்தையும் கொண்டுவந்திருந்தார்.

மார்கழியும் தையும் நல்லபடியாகப் போயின. ஜேடர்பாளையத்திலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்று விளக்கம் சொல்லுவார். எல்லாம் விளக்குப் போட்ட கணக்குதான் என்பார். தீவனம் போட்ட கதையை மட்டும் சொல்லமாட்டார். யாராவது, "அப்ப அக்காளக் கடலுக்குக் கூட்டிக்கிட்டுப் போவலீங்களா?" என்று கேட்டுவிட்டால் தொட்டியைக் காட்டுவார்.

சௌந்திரக்கா கோழி வேலை முடிந்த நேரமெல்லாம் அந்தத் தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன், "அக்கா, இத இவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டா உங்களை அவரு கூட்டிக்கிட்டே போவமாட்டாரே?"

"அதுக்காகப் பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றியா சாமி?" என்றார். கோபமில்லை, சிரித்துக்கொண்டே கேட்டார்.

மாசியில் வெயில் ஏறியது. எங்கள் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கோழிக் கொட்டாயில் சாக்கை நனைத்துத் தொங்கவிடுவோம், அப்படியும் கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அக்கா ஜன்னலை அடைத்தார். தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டினார். ஒரு விளக்கைக் கழற்றினார். ஆனாலும் தொட்டித் தண்ணீர் கைக்கு வெதுவெதுவென்றே இருந்தது. பூ மறுபடியும் ஒடுங்கியது. இந்தத் தடவை கல்லின் பழுப்பே வெளுக்க ஆரம்பித்தது. முதலில் உச்சியில், அப்புறம் சரிவில். நெற்றியில் திருநீறு பூசின மாதிரி ஒரு வெள்ளை.

"அதுக்கு இந்த ஊரு ஆகாதுங்க. கடல்ல கொண்டுபோயி விட்டுரலாம்" என்றார் அக்கா.

"சரி, செபஸ்தியான்கிட்டக் குடுத்துடு. போற வழியில போட்டுருவாரு."

"நான் கொண்டுபோறனுங்க."

அண்ணன் முதலில் காதில் வாங்கவில்லை. பிறகு நிமிர்ந்து பார்த்தார். "கோழி?"

"கோழி உங்களுதுங்க. நீங்க பாத்துக்குங்க. கல்லு எனக்குக் கொண்டாந்து குடுத்தது. நாந்தான் கொண்டுபோயி விடோணும்."

"தனியாவா?"

"அன்னாளும் வருதுங்க. அவங்க அம்மா ஊட்டுலதான் தங்குறது."

நான் அப்போது முட்டை அட்டை கேட்க அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. எனக்கென்ன தலையெழுத்தா? நான் தென்னைமரத்தைப் பார்த்தேன். கடைசியில் அவர் எழுந்துபோய்ப் பீப்பாயைக் கழுவிக்கொண்டு வந்து வைத்தார். அவர் சம்மதம் சொல்வது அப்படித்தான்.

செபஸ்தியான் வந்தார். பீப்பாய் கேபினுக்குள், அக்காவின் காலடியில். மூடியில் ஈரத்துணி. அன்னாள் பக்கத்தில் உட்கார்ந்தார். லாரி கிளம்பியதும் அண்ணன் கைகாட்டவில்லை. "தண்ணி சூடாயிரப் போகுது, நெழல்ல நிறுத்தச் சொல்லு" என்று மட்டும் பின்னால் கத்தினார்.

அங்கே நடந்ததை அன்னாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கரையில் இறங்கியதும் சௌந்திரக்கா அழுவார் என்று அன்னாள் எதிர்பார்த்திருக்கிறார். அழவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எத்தன ஏக்கர் இருக்கும்?" என்று கேட்டாராம். பிறகு அன்னாளின் அண்ணன் படகில் ஏற்றிக்கொண்டுபோனார். பழுப்புக் கற்கள் பரவிக் கிடக்கும் ஓர் இடத்தில் படகை நிறுத்தினார். தண்ணீர் கண்ணாடியாக இருந்ததால் அடிவரை தெரிந்தது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்றில்லாமல் எங்கு பார்த்தாலும் அதே பூக்கள், ஒரு தோட்டம் முழுக்க. அக்கா கல்லைத் தன் கையாலேயே தண்ணீருக்குள் இறக்கிக் கொடுத்தார். அன்னாளின் அண்ணன் அதை வாங்கிக்கொண்டு மூழ்கி, வெயில் படும் மேடாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம்தான் அக்கா அழுதாராம். கரைக்கு வரும்வரை அழுதார்.

அக்கா ஊர் திரும்பிய அன்றைக்கு நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். அர்த்தநாரியண்ணனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தாடி முளைத்து, வேட்டியெல்லாம் தவிடு. சின்னாயி என்று ஒரு வேலைக்காரம்மா முட்டை பொறுக்க வந்துபோனதால் பிழைத்தார். ஆனால் ஒரு கோழியும் சாகவில்லை, முட்டையும் பெரிதாகக் குறையவில்லை. அது அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன்.

அக்கா லாரியிலிருந்து இறங்கினார். முகம் கறுத்து, உதடு உப்புக் காற்றில் வெடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவரை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. அண்ணன் பயணம் எப்படி என்று கேட்கவில்லை, கடல் எப்படி என்றும் கேட்கவில்லை. "கல்லு பொழைச்சுக்குச்சா?" என்றார்.

"தெரியலீங்க" என்றார் சௌந்திரக்கா. "பழைய நெறம் வர நாளாகுமாமா. அடுத்த வருசம் போயிப் பாத்துட்டு வந்துதான் சொல்லோணும்."

அண்ணன் "கோழி" என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டாய்ப் பக்கம் நடந்தார்.