கீழ்த்தெருவுக்காக எழுந்து நின்றது

பாப்பிரெட்டிப்பட்டியை ஒட்டிய எங்கள் ஊராட்சியில் நான் வார்டு உறுப்பினராக ஜெயித்தபோது மாலை விழுந்தது என் கணவர் கழுத்தில்தான். எனக்கும் அது தப்பாகப் படவில்லை. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பதால் நான் நின்றேன், அவ்வளவுதான். கூட்டத்துக்கு அவர் போவார். தீர்மான நோட்டு வீட்டுக்கு வரும். அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவேன். இரண்டு வருடம் இப்படியே போனது.

ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்துவிட, நானே போக வேண்டியதாயிற்று. கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். "அண்ணன் வரலீங்களா?" என்று கேட்டபடி செயலர் நோட்டை நீட்டினார். விரல் வைத்துக் காட்ட ஆளில்லாததால் முதன்முறையாக அதைப் படித்தேன். புதிய குடிநீர்க் குழாய் எந்தெந்தத் தெருவுக்கு என்று எழுதியிருந்தது. எங்கள் வார்டின் கீழ்த்தெரு அதில் இல்லை. அந்தத் தெருப் பெண்கள் தினமும் மேலே ஏறி வந்து குடத்தோடு காத்துக் கிடப்பவர்கள்.

எழுந்து நின்றேன். "கீழ்த்தெரு..." என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. யாரோ சிரித்தார்கள்.

"உக்காருங்கக்கா, அண்ணன் வந்து பேசட்டும்" என்றார் தலைவர். உட்கார்ந்துவிட்டேன். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

நான் வீடு சேர்வதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. "பேசத் தெரியலன்னா எதுக்கு எந்திரிச்ச?" என்றார் கணவர். இனி அந்த ஊராட்சி அலுவலகப் படி ஏறக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, கறந்த பாலை ஊற்றப் போன பால் சொசைட்டியில் கீழ்த்தெருக்காரி ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். "எங்களுக்காக எந்திரிச்சீங்களாமே?"

"எங்க, ஒரு வார்த்த பேச வரல."

"நின்னீங்கள்ல. இதுவரைக்கும் யாருங்க நின்னாங்க?"

அந்த மாதம் முழுக்க மாட்டுக்குச் சோளத்தட்டு போடும்போதெல்லாம் மூன்றே வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கூட்டத்தன்று கணவர் சட்டை மாட்டிக் கிளம்பியபோது, "இந்தத் தடவயும் நானே போறேங்க" என்றேன். அவர் சட்டையைக் கழற்றவில்லை. நான் இறங்கி நடந்தேன்.

இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் சிரிப்பு. ஆனால் மூன்றையும் சொல்லி முடித்தேன். தலைவர் பதில் சொல்ல வேண்டி வந்தது. இன்னும் நான்கு கூட்டம் இழுத்தடித்து, ஒருவழியாகக் கீழ்த்தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டினார்கள்.

போகப் போகப் பயம் தெளிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தெளியவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்னும் அதே பயம் வரும். புதிதாக எதையாவது கேட்க வேண்டிய நாளில்தான் அதிகம் வருகிறது என்பது மெல்லத்தான் புரிந்தது. அதன் பிறகு, பயமே இல்லாத நாளில் எதையோ கவனிக்காமல் விட்டோமோ என்று நோட்டை இன்னொரு தடவை படிக்க ஆரம்பித்தேன்.

பதவிக்காலம் முடியும் வருடத்தில் ஒரு சாயங்காலம் கணவர் தானாகவே கேட்டார்.

"நாளைக்குக் கூட்டம் எத்தன மணிக்கு?"

"பத்து மணிக்குங்க."

"பால நான் ஊத்திட்டு வரேன். நீ நேரத்தோட கெளம்பு."