திரும்பி வரும்போது ஊதுவது

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில் டெனிஸ்ரன் ட்ரம்பெட் பழகுவது காருக்குள்தான். தொழிற்சாலை வேலை முடிந்ததும் கார் தரிப்பிடத்தின் கோடிக்குப் போய், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அவை உள்ளுக்குள் பனித்து மங்கும்வரை ஊதுவார். வீட்டில் ஊதுவதில்லை. மனைவி றோசலின் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னவளல்ல. அவர் ட்ரம்பெட் பெட்டியைத் திறந்தால் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். குப்பை இல்லாத நாளிலும் போவாள்.

மட்டக்களப்பில் கோயில் பாண்டில் ஊதத் தொடங்கியவர் அவர். பெருநாள் என்றால் மாதா சுருவச் சிலைக்கு முன்னால், சாவு என்றால் சவப்பெட்டிக்கு முன்னால். அப்படியொரு சாவில்தான் றோசலினை முதலில் கண்டார். கடலுக்குப் போய்ப் பிணமாகக் கரையொதுங்கிய அவளுடைய அண்ணன் ஜூலியனை, கல்லறைகள் இருக்கும் சேமக்காலை வரைக்கும் ஊதிக் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். பிறகு பெண் கேட்டு, கட்டி, இருவரும் அகதிகளாக டென்மார்க் வந்தார்கள். றோசலின் ஆளை ஏற்றுக்கொண்டாள், ட்ரம்பெட்டை அல்ல.

ஜாஸ் தற்செயலாக வந்தது. கூட வேலை செய்த பிரெபென் பழைய ஜாஸ் குழுவொன்று வைத்திருந்தான். அவர்களுடைய ட்ரம்பெட்காரர் படுக்கையில் விழ, டெனிஸ்ரனைக் கூப்பிட்டான். முதல் ஒத்திகையிலேயே அவர்கள் எடுத்தது அவர் சேமக்காலைக்கு ஊதிய அதே ஞானப்பாட்டு. மெதுவாகத்தான் தொடங்கினார்கள். நடுவில் மேளம் சட்டென்று துள்ள, பாட்டு ஆட்டமாக மாறிவிட்டது. இந்த இசை பிறந்த ஊரில் புதைக்கப் போகும்போது அழுகை, புதைத்துவிட்டு வரும்போது ஆட்டம், அதுதான் வழக்கம் என்றான் பிரெபென்.

அன்றைக்கு வீட்டுக்கு ஓடிவந்து றோசலினிடம் அதைச் சொன்னார். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அண்ணனுக்குப் போகக்குள்ள மட்டுந்தானே ஊதின நீங்க," என்றாள். "வரக்குள்ள ஒருத்தரும் ஊதல்ல."

அதன்பிறகு இருபது கோடைகள் அவர் அந்தக் குழுவில் ஊதினார். சந்தைச் சதுக்கங்கள், துறைமுகங்கள், கலியாண வெள்ளிவிழாக்கள். வெள்ளிவிழா என்றால் விடியற்காலையில் தம்பதியின் வாசலில் போய் நின்று ஊதி எழுப்புவது இங்கத்தைய முறை. எத்தனையோ பேரை எழுப்பியிருக்கிறார். அவருக்கும் றோசலினுக்குமான வெள்ளிவிழாவுக்கு ஆட்களோடு வாறேன் என்று பிரெபென் நின்றபோது மட்டும், இல்லை, நாங்கள் வெளியூர் போகிறோம் என்று பொய் சொன்னார்.

ஒடென்சேயில் தமிழர் ஒன்றுகூடல்களுக்கு வாசிப்பு முடிந்து வாத்தியப் பெட்டியோடு நேரே போனால், அங்கே வரும் ஆனந்தராஜா கேலி செய்யாமல் விடமாட்டார். "என்ன டெனிஸ்ரன் அண்ணை, ஆர் மோசம் போனது, எங்க செத்தவீடு?" சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். டெனிஸ்ரனும் சிரிப்பார், றோசலின் எங்கே நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டே.

இந்த வசந்தத்தில் பல் வைத்தியர் மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் ஆடுகின்றன, ஒக்டோபரில் கழற்றத்தான் வேண்டும் என்றார். கட்டுப்பல்லோடு இந்த வயதில் ட்ரம்பெட் பிடிபடாது என்பது டெனிஸ்ரனுக்குத் தெரியும். அவர் ஊதுவதை ஊரெல்லாம் கேட்டுவிட்டது. வீட்டில் கேளாத ஒரு ஆள்தான் மிச்சம்.

ஓகஸ்டில் கிரின்ஸ்டெட் சதுக்கத்தில் அவருக்குக் கடைசி வாசிப்பு. அது முடிந்த கையோடு ஒடென்சேக்கு, மகள் நிஷாந்தி வீட்டுப் பிறந்தநாளுக்குப் போகவேண்டும். அதனால் றோசலின்தான் கார் ஓட்டி வந்தாள். பேக்கரிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "நான் கார்லயே இருக்கன். முடிச்சிட்டு வாங்க," என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. எப்போதாவது வற்புறுத்தியிருக்கிறாரா என்ன?

மேடையிலிருந்து பார்த்தால் கார் தெரிந்தது, கண்ணாடிகள் ஏற்றியபடி. கடைசிப் பாட்டுக்கு அவர் அந்த ஞானப்பாட்டையே எடுக்கச் சொன்னார். மெதுவான பகுதியை ஊதும்போது காரின் பக்கம் பார்க்கப் பயந்து தரையையே பார்த்தார். மழை பிடித்துக்கொண்டது. சனம் எழும்பி பியர்க் கூடாரத்துக்கு ஓடியது. மேளம் துள்ளியது. இரண்டு சுற்றோடு முடிக்கவேண்டியதை அவர் விடவில்லை, திரும்பத் திரும்ப எடுத்தார். பிரெபென் ஒருமாதிரிப் பார்த்தான், ஆனாலும் கூடவே வந்தான். ஆடும் பல் உதட்டில் குத்தியது. சனம் விட்டுப்போன வெற்றுக் கதிரைகளுக்கு மேலால், பேக்கரியைப் பார்த்து ஊதினார்.

காருக்கு வந்தபோது கண்ணாடிகள் ஏற்றியபடிதான் இருந்தன. பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டு ஏறினார். கண்ணாடிப் பக்கமாயிருந்த றோசலினின் இடது சட்டைக்கை தோளிலிருந்து மணிக்கட்டுவரை நனைந்து ஒட்டிக்கிடந்தது. அவள் காரை எடுத்தாள். நெடுஞ்சாலையில் ஏறியபிறகு கேட்டாள்.

"பல்லு எப்ப கழட்டுற?"

"ஒக்டோபர்ல."

வைப்பர் இரண்டுமுறை போய் வந்தது.

"அதுக்கு முன்ன வீட்டுல ஒருக்கா ஊதுங்க," என்றாள். "திரும்பி வாறத மட்டும்."

டெனிஸ்ரன் ஆடும் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தார். இன்னும் இருந்தது.