அவள் எந்த வரியில் இறந்தாள்

மும்பையில், மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே, நடைபாதையில் பழைய புத்தகங்களை விரித்து வைத்திருப்பவரிடம் வாங்கிய சிறுகதைத் தொகுப்பு ஒன்றில் அந்தக் கதை இருந்தது. ஒரு பெரிய வீட்டுக்கு ஒருத்தி மருமகளாக வருகிறாள். சமைக்கிறாள், கூட்டுகிறாள், விளக்கேற்றுகிறாள். கடைசிப் பக்கத்தில் விருந்தாளி ஒருவர், தனக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெண் யார் என்று கேட்கிறார். அடுக்களையில் யாருமில்லை, மருமகள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று என்று வீட்டுக்காரர் சொல்வதோடு கதை முடிகிறது. செம்பூரிலிருந்து அலுவலகம் போகும் ரயிலில் நின்றபடியே ஒரே மூச்சில் அதைப் படித்தேன். நல்ல பேய்க்கதை என்று முடிவுகட்டி, இறங்குவதற்குள் அடுத்த கதைக்குப் போய்விட்டேன்.

அப்போதெல்லாம் நான் படித்த முறை அதுதான். சமூகப் பணியில் பட்டம் பெற்றிருந்தேன். புத்தகங்கள் மனிதரை மேம்படுத்தும் என்று நம்பினேன். நிறையப் படித்தால் நிறைய மேம்படலாம் என்றும் நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என்னை ஞாயிறு மதியங்களில் தாராவிக்கு அழைத்துச் சென்றது. தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பெண்களுக்கு அங்கே நான் எழுத்துக் கற்றுக்கொடுத்தேன். துணி தைக்கும் பட்டறை ஒன்றின் மேலே, இரும்பு ஏணி வழியாக ஏறிச் செல்லும் ஒரு தகரக் கூரை அறை. ஞாயிறன்று கீழே இயந்திரங்கள் ஓடாது. வெட்டிய துணி மூட்டைகள் மூலையில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். அந்த மூலைக்கு முதுகு காட்டி உட்காருவது என் வழக்கம்.

மழை வலுத்த பிறகு இருவர் மட்டுமே தவறாமல் வந்தார்கள். ஒருவர், விடியற்காலையில் இட்லி அவித்து விற்கும் அக்கா, என்னைவிட மூத்தவர். மற்றவள் கீழ்ப் பட்டறையிலேயே தைக்கிற பெண், இந்தியில் பள்ளிப்படிப்பை முடித்தவள். அவளுக்கு விக்ரோலியில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

இருவருக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ரயிலில் படித்த அந்த மருமகள் கதையையே பாடமாக எடுத்தேன். அலுப்புத் தட்டாமலிருக்க, கதையில் வருகிறவர்களின் பேச்சைப் பங்கிட்டுக்கொண்டோம். கணவன் பேசுவதை இட்லி அக்கா படிப்பார். மருமகள் பேசுவதை அந்தப் பெண். மாமியாரும் மற்றவர்களும் கதை சொல்லும் பகுதியும் என் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கு ஒரு பக்கம்கூட நகராது.

"எம் புருசன் ஆயுசுக்கும் இவ்வளவு பேசுனதில்ல" என்றார் இட்லி அக்கா. "இவன் ஒரு பக்கத்துலயே பேசிட்டான் பாரு."

கதையை முடித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கிய நாளில் அது நடந்தது. மருமகள் வீட்டுக்குள் நுழைகிற இடம். அந்தப் பெண் விரலை நகர்த்தி நகர்த்திப் படித்தாள்: "நான்… பெட்டியை… எங்கே வைக்கட்டும்?"

அடுத்து மாமியார் பேச வேண்டும். "மழை வரும்போல் இருக்கிறது. வடகத்தை உள்ளே எடுங்கள்" என்று படித்தேன்.

"எக்கா, நில்லுங்க." அவள் விரல் அதே வரியில் நின்றது. "எனக்கு யாருமே பதில் சொல்லலையே?"

"அடுத்த பத்தியில் வரும்" என்றேன்.

வரவில்லை. மூவரும் பக்கம் பக்கமாகத் தேடினோம். உப்புப் போதுமா என்று அவள் கேட்கிறாள். கணவன் தன் அண்ணனிடம் நெல் விலை பேசுகிறான். அம்மா வீட்டுக்குப் போய்வரட்டுமா என்று கேட்கிறாள். மாமியார் பூனையை விரட்டுகிறார். கதை முழுவதிலும் அவள் பேசிய எதற்கும் மறுபேச்சு இல்லை. எனக்கு முதுகுக்குப் பின்னால் இருந்த மூட்டைகளைத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, பார்க்கவில்லை.

"அப்பம் இவ செத்தது எப்பம்?" என்று இட்லி அக்கா கேட்டார்.

கதை அதைச் சொல்லவில்லை. நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வருகிறது. அங்கேதான் என்று நான் விரல் வைத்தேன். இட்லி அக்கா அதற்கு முந்தைய பக்கத்தைப் புரட்டி, பந்தியில் ஓர் இலை குறைந்திருந்தது என்ற வரியைத் தொட்டார். அந்தப் பெண் முதல் பக்கத்துக்குப் போய், பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்வியின்மேல் விரலை வைத்தாள்.

"ஏட்டி, அது அவ உள்ள வார நேரம்லா?"

"ஆமா" என்றாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "விக்ரோலில நான் கேட்டேன், கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்கு வரலாமான்னு. மாப்பிள்ளையோட அம்மா எங்கம்மாகிட்ட டைல்ஸ் ரேட்டு சொன்னாங்க. திரும்பக் கேட்டேன். திரும்பவும் டைல்ஸ்தான்."

"இது கதை" என்றேன். "இதை வைத்து எதையும் முடிவு பண்ணாதே."

"அரே, கதைன்னா எதுக்குக்கா படிக்கச் சொல்லிக்குடுத்தீங்க? டைம்பாஸுக்கா?"

அன்று வீடு திரும்பும்போது பயம் என்னோடு வந்தது. ஒரு புத்தகத்தால் ஒரு கல்யாணம் நின்றுபோனால், தாராவிச் சந்தில் பேச்சுக் கேட்கப் போகிறவள் அவள். நான் செம்பூருக்கு ரயிலேறிவிடுவேன். சந்தேகத்தை விதைத்தது கதையா, அவள் ஏற்கெனவே கண்டதற்குக் கதை பெயர் கொடுத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ரயில் பெட்டியில் மனிதர்கள் பேசுவதைக் கவனித்தேன். எத்தனை கேள்விகள் பதிலில்லாமல் காற்றில் நிற்கின்றன என்பதை அதற்குமுன் நான் கேட்டதே இல்லை. அவற்றில் ஒன்று, பக்கத்தில் நின்றவர் என்னிடமே கேட்டது என்பதும் தாமதமாகத்தான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு அவள் அம்மா ஏணியேறி வந்தார். "என்ன பொஸ்தகம் டீச்சரம்மா அது? பிள்ள சோறு திங்க மாட்டேங்கா. இன்னொருக்க அந்த வீட்டுக்குப் போணும், நீங்களும் கூட வரணும்னு ஒத்தக்கால்ல நிக்கா."

அன்றே அம்மாவும் மகளும் நானும் போனோம். புடவை நிறம் பேசுவதாகச் சாக்கு. ஏணியில் இறங்கும்போது அந்தப் பெண் என் காதருகே, "நீங்க எனக்காகப் பேசிரக்கூடாது, என்ன?" என்றாள்.

விக்ரோலி வீடு சுத்தமாக இருந்தது. தொலைக்காட்சி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஞாயிறு ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அவருடைய அம்மா சிரித்த முகமாக வரவேற்றார். குறை சொல்ல எதுவுமில்லை. அந்தப் பெண் தெளிவாகக் கேட்டாள்: "அத்தை, கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகலாமா?"

"ஃபேன கூட்டி வைக்கட்டா மதினி?" என்றார் அவர், அவளுடைய அம்மாவிடம்.

அவள் மறுபடி கேட்டாள். அவர் எழுந்து உள்ளே போய்த் தட்டில் டீ கொண்டுவந்தார். அம்மாவுக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. தட்டு காலியானது. பந்தியில் குறைந்த அந்த இலை என் நினைவுக்கு வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். வாய் திறக்கக் கூடாது என்பதால் டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை சுட்டது.

அவள் அம்மா எங்கள் கதையை அறியாதவர். ஆனால் அவர் தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். குடிக்காமலே தன் டம்ளரைத் தரையில் வைத்தார்.

"மதினி, பிள்ள ஒண்ணு கேட்டாளே."

அந்த அம்மாள் சுற்றிலும் பார்த்தார். அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடத்தையும் அவருடைய பார்வை கடந்து போயிற்று.

"யாரு கேட்டா?" என்றார்.

அவர் குரலில் துளியும் வன்மம் இல்லை. தொலைக்காட்சிச் சத்தத்தில் உண்மையிலேயே அவருக்குக் கேட்காமல் போயிருக்கலாம். அந்தச் சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுக்க இன்றும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவள் அம்மா எழுந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். மின்தூக்கிக்குக்கூடக் காத்திராமல் படிகளில் இறங்கினோம்.

தை மாதம் கல்யாணமில்லாமல் வந்து போயிற்று. சந்தில் பேசினார்கள், அவள் அம்மா அவர்களுக்குப் பதில் பேசினார். நான் செய்தது சரியா என்ற கணக்கு எனக்குள் இன்னும் தீரவில்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. ஒரு கதையை இப்போது நான் முடிப்பதில்லை. அதில் யார் பேசுகிறார், அவருக்கு யார் பதில் சொல்கிறார் என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறேன்.

அண்மையில் ஒரு ஞாயிறு, அந்தக் கதையையே மீண்டும் எடுக்கலாம் என்று அவள்தான் சொன்னாள். இப்போது அவள் திக்காமல் படிக்கிறாள். "நான் பெட்டியை எங்கே வைக்கட்டும்?"

அடுத்தது என் வரி. வடகத்தை உள்ளே எடுக்கச் சொல்ல வாயெடுத்தேன்.

"இங்கன வையி தாயி" என்றார் இட்லி அக்கா, புத்தகத்தைப் பார்க்காமலே; பேசிக்கொண்டே சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் தரையில் இடம் விட்டார்.

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவருக்கும் துணி மூட்டைகளுக்கும் நடுவே, ஒரு பெட்டியும் அதன் பக்கத்தில் ஒருத்தியும் இருக்கிற அளவுக்கு இடம் இருந்தது. மாமியாரின் வரி புத்தகத்தில் அப்படியே எனக்காகக் காத்திருந்தது. நெடுநேரம் என்னால் அதைப் படிக்க முடியவில்லை.