ஆமென் வரைக்கும்

வெல்டிங் பட்டறையைக் கடக்கையில் சுட்ட இரும்பு வாடை அடித்தால் போதும், இன்று அடுக்குமாடியாகிவிட்ட எங்கள் சிங்காநல்லூர் லைன் வீட்டில், பவுண்டரி மேஸ்திரியிடம் வாங்கிய ஏச்சையெல்லாம் அம்மாவின் முதுகிலும் பிள்ளைகள் எங்கள் தொடையிலும் இறக்கிவைக்க பெல்ட்டை உருவிக்கொண்டு நிற்கும் அப்பா கண்முன் வந்துவிடுகிறார்.

சோறோ பயணமோ, ஜெபிக்காமல் எதையும் தொடங்காத வீடு அது. ஒருநாள் அம்மா உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி, "ஏனுங்க, ஜெபம் பண்ணிப்போட்டு அடிங்க" என்றாள். அப்பா பெல்ட்டோடு முழங்காலிட்டார். முதலில் மேஸ்திரியைத் திட்டினார், பிறகு கர்த்தரிடம் முறையிட்டார், பிறகு அழுதார். ஆமென் சொன்னபோது பெல்ட் தரையில் கிடந்தது. அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. ஜெபம் குட்டையாய் முடிந்த நாட்களில் மட்டும் அடி விழுந்தது.

இன்றும் சர்ச்சில் போதகர் ஜெபத்தை நீட்டினால் எல்லோரும் நெளிவார்கள். நான் மட்டும், இன்னும் நீளட்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொள்வேன்.