தெரேசம்மாள் ஏன் நன்மை வாங்கவில்லை

பெரிய மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மீன் விற்கும் நம் கோயில் பங்குக்காரி ஒருத்தி கூடையோடு வந்து நின்று, "தெரேசம்மா போயிட்டாங்களாமே, கோயில்ல மணி அடிச்சாங்களே, கேக்கல?" என்றாள். முந்தின நாள் மாலைவரை அவர் கட்டிலருகில் இருந்துவிட்டு வந்தவள் நான். எதிர்பார்த்த சேதிதான். ஆனாலும் கையிலிருந்த காய் நழுவிற்று. அவள் விடவில்லை. "சாவும்போதாவது நன்மை வாங்கனாங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் பங்குக்காரர்களாகிய உங்களுக்கு இதை எழுதுகிறேன். பிரசவ வார்டில் அவரோடு வேலை பார்த்த மருத்துவச்சி நான். நம் பங்கில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். அந்த அம்மாள் ஆறேழு வருஷமாக ஒரு ஞாயிறுகூடப் பூசை தவறியதில்லை. ஆனால் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை, அந்த நன்மையை, வாங்க ஒரு ஞாயிறுகூட எழுந்து போனதும் இல்லை. எல்லோரும் பீடத்துக் கிராதியில் முழந்தாளிட்டிருக்க, அவர் கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். கரு கலைக்கிறார் என்றீர்கள். யாரோ ஒருவனோடு தொடர்பு என்றீர்கள். எனக்கு நாக்கு துறுதுறுக்கும். "நான் இருக்கற வரைக்கும் வாயத் தொறக்காத" என்று அவர் சொல்லியிருந்தார். இப்போது அவர் இல்லை.

அவருடைய மடிப்பையில் எப்போதும் ஒரு சின்னச் சீசா இருக்கும். உள்ளே தண்ணீர். குழந்தை நீலம் பாரித்துப் பிறந்து, பிழைக்காது என்று தெரிந்தால், ஒரு கை முதுகைத் தட்டிக்கொண்டே இருக்கும். மறு கை சீசாவைச் சாய்த்து நெற்றியில் ஊற்றும். உதடு மட்டும் அசையும். பார்ப்பவர்களுக்குக் குழந்தையைக் கழுவுகிறார் என்று தோன்றும். அது ஞானஸ்நானம். இந்துக் குழந்தை, முஸ்லிம் குழந்தை என்று அவர் பார்த்ததில்லை. நான் சண்டை பிடிப்பேன். "பெத்தவளக் கேட்டீங்களா அக்கா?" என்பேன். "போற உசுருக்குத் தண்ணி குடுக்கறேன். அதுல உனக்கின்னாடி நஷ்டம்?" என்பார்.

அந்தச் சீசா எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய ஒரே பிள்ளை பிறந்த சற்று நேரத்தில், சாமியார் வந்து சேருவதற்குள் இறந்துபோனது. வீட்டிலிருந்த யாருக்கும் ஆபத்தில் தாங்களே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று தோன்றவில்லை. ஞானஸ்நானம் இல்லாததால் கல்லறைத் தோட்டத்து மந்திரித்த மண்ணில் இடமில்லை. கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். அப்படிச் செத்த குழந்தைகளுக்கு வேதனை கிடையாது, ஆனால் சர்வேசுரனின் முகத்தைப் பார்க்கிற பாக்கியமும் கிடையாது என்று அந்நாளையச் சாமியார் விளக்கினாராம். ஜென்மப் பாவம் கழுவப்படவில்லை அல்லவா? "எவனோ பழத்தத் தின்னான், எம் புள்ளைக்கு மூஞ்சியக் காட்ட மாட்டாராம்" என்பார் தெரேசம்மாள். அழமாட்டார்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன மறுவருஷம். கடலூர் ரோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் வந்தாள். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். குழந்தைக்கு மூச்சில்லை. அக்கா வழக்கம்போலத் தண்ணீரை ஊற்றினார். குழந்தை வீறிட்டு அழுதது! தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் சிரித்தேன். அக்காவின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. ஞானஸ்நானம் பெற்ற குழந்தை பிழைத்தால் அது திருச்சபையின் பிள்ளை. நம் வேதத்தில்தான், கிறிஸ்தவப் பிள்ளையாகத்தான் வளர வேண்டும். அக்கா சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னார். பெற்றவர்களிடம் உண்மையைச் சொல்லி, பிள்ளையை வேதத்துக்குக் கொண்டுவர வழி பார், பிறகு பாவமன்னிப்புத் தருகிறேன் என்றாராம் சாமியார். "மாட்டேன்னுட்டேன்" என்றார் அக்கா என்னிடம். "அவங்க புள்ளய அவங்ககிட்டேருந்து பிரிக்க நான் யாரு? பெரிசானா அது இஷ்டப்படி வரட்டும், வராம போவட்டும்."

"அப்ப ஊத்தினப்ப யார் இஷ்டம்?" என்று கேட்டேன். அவர் சீசாவை மடிப்பையில் திணித்துக்கொண்டு எழுந்துபோனார். பாவமன்னிப்பு இல்லாதவருக்கு நன்மையும் இல்லை. அன்றிலிருந்து கடைசி பெஞ்சு.

வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் அந்தத் தாய் மகளை அழைத்துக்கொண்டு உயிர் கொடுத்த அம்மாவைப் பார்க்க வருவாள். போன வருஷம் அவர்கள் வந்தபோது நானும் இருந்தேன். பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறார்களாம். தாய் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். "கோயில் துன்னூறும்மா. மொதல்ல உங்க கையால வெச்சு வுடுங்க. நீங்க குடுத்த உசுருதான?" என்றாள். தான் தண்ணீர் ஊற்றிய அதே நெற்றியை அக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலால் திருநீற்றைத் தொட்டு அழுத்தமாகப் பூசினார்.

அவர்கள் போனதும் கத்தினேன். "அந்த நெத்தி என்னுது இல்லடி" என்றார். "மேல போனா எம் புள்ள எங்கன்னு கேப்பேன். இங்க இல்லன்னா, எனக்கும் அந்தப் பக்கமே எடம் குடுங்கன்னு சொல்லிடுவேன்." அவருக்காக நான் அன்றைக்குப் பயந்ததைப்போல் எப்போதும் பயந்ததில்லை.

கடைசி நாளில், பாவமன்னிப்பு மறுத்த அதே சாமியார்தான் சாகிறவருக்கு எண்ணெய் தொட்டு அவஸ்தை பூச வந்தார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பேச்சு நீண்டது; ஒருமுறை அக்காவின் குரல் உயர்ந்தது. சாமியார் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "நன்மை குடுத்தீங்களா சாமி?" என்றேன். "குடுத்தேன்." "அந்தப் புள்ள விஷயம்?" அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். படியிறங்கும்போது, "கல்லறையில எடம் சொவரோரமா பாக்கச் சொல்லுங்க" என்றார்.

ஆகவே, கேட்டவர்களுக்குப் பதில்: வாங்கினார். யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. இன்றுவரை அந்தக் கிராமத்து வீட்டுக்கு எந்தச் சாமியாரும் போகவில்லை என்பது மட்டும் தெரியும்.

சுவருக்கு இந்தப் பக்கம் அவர் இருக்கிறார். அந்தப் பக்கம் அவர் பிள்ளை. எல்லோரும் கலைந்த பிறகு நான் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் போனேன். செத்தவர்களுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவள் நான். இருந்தும் அக்காவின் மடிப்பையிலிருந்து எடுத்துவந்த சீசாவைத் திறந்து, அவர் சொல்லும் அதே வார்த்தைகளைச் சொல்லி, அந்த மண்ணில் கடைசிச் சொட்டுவரை ஊற்றினேன்.

காலிச் சீசா என்னிடம் இருக்கிறது. நாளைக்கு வார்டில் ஒரு குழந்தை நீலம் பாரித்துப் பிறந்தால் அதை நிரப்பி வைத்திருப்பேனா என்று தெரியவில்லை.