உதைத்துவிட ஒரு ஆள்

அண்ணனுக்கு வண்டி வந்த கதையை யாரிடம் சொன்னாலும், "அந்தக் காலத்துலயே மூணு சக்கர மோட்டாரா!" என்று கண்ணை விரிக்கிறார்கள். நானும் பெருமையாகத்தான் தொடங்குவேன். பாதி சொல்லும்போதே வாய் கசந்துவிடும். எங்கள் வீட்டுக்கு எந்த நல்லதும் முழுசாக வந்ததில்லை. அந்த வண்டியும் அப்படித்தான் வந்தது.

நடை பழகும் வயதில் காய்ச்சல் கண்டு அண்ணனுக்கு இடது கால் சூம்பிப்போனது. இளம்பிள்ளை வாதம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நான் அப்போது பிறக்கவே இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளாக அவன் இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் குனிந்து எழுந்துதான் நடப்பான். வெளியே போனால் வலது கை என் தோளில் இருக்கும். நான் வயதுக்கு வந்து வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு அந்தக் கைக்கு ஒரு கம்பு கிடைத்தது.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்கு தர்மபுரியில் வளையல் கடை. அண்ணன் பெட்டியோடு பென்னாகரம், பாலக்கோடு என்று வாரச்சந்தைகளுக்குப் போய்வருவான். பஸ்ஸில் ஏற்றுவதும் இறக்குவதும் கண்டக்டர்கள். நல்ல மனிதர்கள்தான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே உட்கார வைப்பார்கள். "பாவம், எடம் குடுங்கப்பா" என்று சொல்லி யாரையாவது எழுப்பியும் விடுவார்கள். அந்த 'பாவம்'தான் அவனுக்கு ஆகாது. சந்தை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சோற்றுத் தட்டின் முன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அம்மா என்ன கேட்டாலும் எரிந்து விழுவான்.

எழுபதுகளில் ஸ்கூட்டர் வேண்டுமென்றால் பேரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அத்தா காத்திருந்தார். வண்டி வந்ததும் நேராகச் சேலத்தில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார். அங்கே பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கரம் வைத்து, நடுவில் வளையல் பெட்டி உட்கார ஒரு தொட்டியும் அடித்துக் கொடுத்தார்கள். கால் பிரேக்கைக் கைக்கு மாற்றினார்கள். அண்ணனை அழைத்துப்போய் உட்காரவைத்து, முதுகுக்குத் திண்டு, கம்பு செருக ஒரு வளையம், எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். பட்டறை ஆள் ஒருவரே தொப்பூர் கணவாய் ஏறி அதை ஓட்டிவந்து எங்கள் வாசலில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, அண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். தெருவே வேடிக்கை பார்த்தது. சாவியைத் திருப்பினான். அப்புறம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

எனக்குத்தான் முதலில் உறைத்தது. கிக்கரை உதைக்க வேண்டும். எழுந்து நின்று உடம்பின் பாரத்தை எல்லாம் வலது காலில் இறக்கினால்தான் அது அசையும். வலது காலைத் தூக்க வேண்டுமானால் இடது கால் தாங்க வேண்டும். உட்காருவது, பிடிப்பது, நிறுத்துவது என எல்லாவற்றையும் யோசித்த மகாராசன்கள், எடுப்பதை யோசிக்கவில்லை. பட்டறையில் ஓட்டிப் பழகிய ஒவ்வொரு முறையும் யாராவது உதைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இவனும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

"அங்கயே சொல்றதுக்கு என்னா?" என்று அத்தா கத்தினார்.

"எல்லாம் இவ்ளோ செஞ்சாங்க. இன்னும் இதுவும் முடியலன்னு எப்பிடிச் சொல்றது?" என்றான்.

அன்று அத்தா உதைத்தார். கிக்கர் திருப்பி அடித்து அவர் கணுக்கால் வீங்கிவிட்டது. அடுத்த நாளிலிருந்து அந்த வேலை என்னிடம் வந்தது. தெரு எழுந்து பார்ப்பதற்குள், முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியை நடைக்குள் வைத்தே ஒரு மிதி மிதிப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற கோபத்தையெல்லாம் அதன் மேல்தான் காட்டினேன்.

ஒருமுறை உயிர் வந்துவிட்டால் அண்ணன் அதை அணைக்கவே மாட்டான். சந்தையில் வண்டி மேலேயே உட்கார்ந்துகொண்டு, எஞ்சின் படபடக்க, பெண்களுக்கு வளையல் போட்டுவிடுவான். "அந்தச் சத்தத்த நிறுத்துங்கண்ணா, பேசறது ஒண்ணும் கேக்கல" என்பார்களாம். "நிறுத்துனா மறுபடி எடுக்க ஆள் தேடணும்மா" என்று சிரிப்பானாம். இறக்கமான இடம் கிடைத்தால் மட்டும் தைரியமாக அணைப்பான். பிரேக்கை விட்டால் வண்டி உருண்டு, கியரில் போட்டதும் தானே பிடித்துக்கொள்ளும். எந்த ஊரில் எங்கே இறக்கம் என்று அவனைக் கேட்டால் சொல்வான். எங்கள் தெரு சமதரை.

அப்படியும் அவன் மாறித்தான் போனான். திரும்பும்போது பழக்கம் இல்லாமல் உள்பக்கச் சக்கரம் தூக்கி ஒருமுறை வேலியில் விழுந்தான். முழங்கை சிராய்த்துக்கொண்டு வந்தவன் அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான். சோற்றுத் தட்டின் முன் சந்தைக் கதைகள் பேசினான். அவன் அத்தனை பேசுவான் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அம்மாவுக்கு அங்கேதான் ஆசை பிடித்தது. "இவளையும் கட்டிக் குடுத்துட்டா அவனுக்கு யாரு இருக்கா? காலையில யாரு ஒதைக்கிறது?" என்று ஆரம்பித்தார்.

"மருமவ தேடறீங்களா, கிக்கர் அடிக்க ஆள் தேடறீங்களா?" என்று கேட்டு ஒரு குட்டு வாங்கினேன்.

பாலக்கோட்டில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. அவள் தகப்பனார் கரும்பு லாரி வைத்திருந்தார். தகவல் கொண்டுவந்தவரிடம் அத்தா, "பையன் கொஞ்சம் சாய்ச்சு நடப்பான், அவ்ளோதான். சொந்தமா மோட்டார் ஓட்டறான்" என்று சொல்லி அனுப்பினார். எங்கள் வழக்கப்படி நானும் அம்மாவும் போய்ப் பெண்ணைப் பார்த்து வந்தோம். அமைதியான பெண். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் கதவைப் பிடித்தபடி நின்றாள். எனக்குப் பிடித்துவிட்டது.

இரவு சாப்பிடும்போது அண்ணன் அவள் நிறம் கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை. "கை என்ன அளவு இருக்கும்?" என்றான். நான் விரலை வளைத்துக் காட்டினேன். "ரெண்டு நாலு" என்று வளையல் அளவைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவனுக்கு அந்தக் கல்யாணம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது அவர்கள் முறை. பெண்ணின் தகப்பனாரும் மாமாவும் மாப்பிள்ளை பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அத்தா ஒரு ஏற்பாடு செய்தார். அண்ணன் வண்டியிலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போவான். பெண்ணின் தகப்பனாரான பெரியவரைப் பின்னால் தொட்டியில் உட்காரவைத்து வீட்டு வாசல் வரை கொண்டுவருவான். சலாம் சொல்லி, சந்தைக்கு நேரமாகிறது என்று அப்படியே போய்விடுவான். இறங்கவே மாட்டான்.

"எறங்கச் சொன்னா?" என்றான் அண்ணன்.

"எறங்காத."

"நிக்காஹ் அன்னிக்கும் வண்டியிலயே உக்காந்திருக்கவா?"

"மொதல்ல அவங்க சரின்னு சொல்லட்டும்" என்றார் அத்தா. அவரைத் திட்ட எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. மகன் மேல் உயிரையே வைத்திருந்த மனிதர் அவர். ஆனால் மகனின் காலைப் பார்த்து வெட்கப்பட்டவரும் அவர்தான்.

சொன்னபடியே எல்லாம் நடந்தது. நான் நடைக்கதவின் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். வண்டி வாசலில் வந்து நின்றது. பெரியவர் தொட்டியிலிருந்து குதித்து இறங்கியபோது முகமெல்லாம் சிரிப்பு. "மாப்பிள்ளை என்னமா ஓட்டறாரு! நம்ம லாரி டிரைவருங்க தோத்தானுங்க" என்று பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த தன் மச்சானிடம், பெண்ணின் மாமாவிடம், சொன்னார். அண்ணன் சலாம் சொன்னான், சந்தைக்குப் போக வேண்டும் என்றான்.

"சந்தை எங்க ஓடிப்போவுது? எங்கள உள்ள அனுப்பிட்டு நீங்க போனா நல்லாவா இருக்கும்? ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் உரிமையோடு கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சும்மா ஓடுவதைப் பொறுக்காத லாரிக்காரர் கை அது.

தெரு அத்தனை அமைதியாகி நான் கேட்டதில்லை.

அத்தா அந்த முதல் நாளோடு கிக்கரைத் தொட்டதே இல்லை. அண்ணன் திரைப் பக்கம் பார்த்தான். நான் வெளியே போய் ஒரு மிதி மிதித்தால் அவன் போய்விடலாம். வீட்டுக்கு வந்த அந்நிய ஆண்கள் முன்னால், கல்யாணமாகாத பெண் வாசலில் நின்று மோட்டாரை உதைத்தால் அந்தக் கல்யாணப் பேச்சும் அதோடு போய்விடும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் போகத்தான் திரையைப் பிடித்தேன். அவன் வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

கம்பை வளையத்திலிருந்து உருவினான். வலது காலை ஊன்றி, இடது காலைக் கையால் தூக்கி இறக்கிவைத்து, தொடையை அழுத்திப் பிடித்து, குனிந்து எழுந்து, குனிந்து எழுந்து, வாசலைத் தாண்டி உள்ளே வந்தான். அம்மா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெரியவர் பின்னாலேயே உள்ளே வந்து, முதலில் அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க தம்பி" என்றார்.

மாப்பிள்ளை தம்பியாகிவிட்டார். டீ குடித்தார்கள். மழையைப் பற்றியும் கரும்பைப் பற்றியும் பேசினார்கள். கல்யாணத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கிளம்பும்போது பெரியவர் அத்தாவிடம், "வூட்டுல கலந்துகிட்டுச் சொல்லி அனுப்பறங்க" என்றார். அப்படிச் சொல்பவர்கள் சொல்லி அனுப்புவதில்லை.

அண்ணன் கூடவே போய் வண்டியில் ஏறினான். பெரியவருக்கு அப்போது எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரே உதையில் எடுத்துக் கொடுத்தார். "பாத்துப் போங்க தம்பி" என்று அவன் தோளைத் தட்டினார். இவரே மாமனாராக வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகை வந்தது.

பொழுது சாய்ந்து அண்ணன் திரும்பி வந்தான். வாசலில் தானே சாவியைத் திருப்பி அணைத்தான். அத்தா அந்தப் பெரியவரைப் பற்றி ஏதோ கசப்பாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க அத்தா. பொய் நம்மளுது" என்றான். "இனிமே யாராச்சும் கேட்டு வந்தா மொதல்ல நான் நடக்கறதக் காட்டுங்க. அப்பறம் வண்டியக் காட்டிக்கலாம்."

அவன் சொன்னபடியே செய்தோம். அதன் பிறகும் சிலர் வந்தார்கள். நடந்து வந்தவனைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், எழுந்து போனார்கள். வண்டியைக் காட்டும் வரை ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.